குடைக்காரர் வழக்கு

மேடையில் வீற்றிருக்கும் மன்றத் தலைவர் திரு. பாலசுப்ரமணியன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சகோதரி ஜலஜா அவர்களே, மழையையும் காளிகாட் சந்துகளின் சேற்றையும் கடந்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

அலிப்பூர் கோர்ட்டில் வாதாடிப் பழகிய என் நாக்கு இன்று தடுமாறுகிறது. ரயில்வேயில் வரைபடம் வரைந்து ஓய்வுபெற்ற நம் 'கோட்டுச் செம்மல்' இராஜமாணிக்கம் அவர்கள் போய்விட்டார். ஆனால் நாம் அழுது வடிந்துகொண்டிருந்தால் அவருக்குப் பிடிக்குமா? பிடிக்கவே பிடிக்காது!

அதோ, நடுச்சுவரில் அவர் தந்த எட்சிங் படம். செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மை தடவி அச்செடுத்த கிராமக் காட்சி. வயல், பனைமரங்கள், ஒற்றையடிப் பாதை, அதில் கட்டைவிரல் நக அளவில் ஒரு குடைக்காரர். "கலரே இல்லையே ஐயா" என்று குறைபட்டுக்கொண்டவர் யார்? நம் தலைவர்தான்! கோபித்துக்கொண்டாரா இராஜமாணிக்கம்? இல்லை. பட்டிமன்றம் வைத்தார்! 'குடைக்காரர் ஊரைவிட்டுப் போகிறாரா, ஊருக்கு வருகிறாரா?' ஊரை விட்டு வந்த நமக்கு இதைவிட வேறு தலைப்பு வேண்டுமா? மார்கழிதோறும் மன்றம் நிரம்பி வழிந்தது.

போகிறார் என்பது என் அணி. நிழல் இடப்பக்கம் விழுகிறது, ஆகவே சூரியன் வலப்பக்கம், அதாவது கிழக்கே, காலை வேளை, வேலைக்குத்தான் போகிறார் என்று முழங்கினேன். கைதட்டல் ஓயவில்லை. நடுவர் இராஜமாணிக்கம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வக்கீல் சார், தகட்டுல வலப்பக்கம் கீறுனது காகிதத்துல இடப்பக்கமா விழும். ஓவியர் கீறுனபடி பாத்தா உங்க சூரியன் மேக்கால உதிச்சிருக்குது!"

எதிரணித் தலைவி பாகீரதி அம்மாள் விடுவாரா? "நம்மாத்துல போறவாகூட 'வரேன்'னு சொல்லிண்டுதான் போவா. இங்க பெங்காலிகளும் கிளம்பறச்சே 'ஆஷி', வரேன்னுதான் சொல்றா. அப்போ அவர் வரார்தானே?" என்றார். மன்றமே அதிர்ந்தது. "பேச்சு சர்க்கரைப் பொங்கலாட்டம் இருக்குதும்மா. ஆனா படத்துல இருந்து ஒரு கோடுகூடச் சொல்லலியே!" என்றார் நடுவர்.

எழுந்து படத்தருகே போனார். "கீழ பாருங்க, வயல்ல கோடெல்லாம் நெருக்கமா இருக்குது. மேல போகப் போக கலைஞ்சு போகுது. வானத்துல ஊசியே படல. ஊசி படாத இடந்தான் வெளிச்சம். குடைக்காரர் எங்கியும் நடக்கல. இருட்டுல இருந்து வெளிச்சத்துக்கு நடக்குறது நம்ம கண்ணுதான்!"

அதுதானே தீர்ப்பு என்று கேட்டோம். "தீர்ப்பு அடுத்த மார்கழி" என்று சிரித்தார். ஆண்டுதோறும் அதே பதில், அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பை இனிக் கேட்க முடியாது என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்று அவர் உருவப்படத்தைத் திறக்கிறோம். எட்சிங்கை இறக்கிவிட்டு அந்த நடுச்சுவரில் அவரை மாட்டலாம் என்பது தலைவர் யோசனை. அன்பான யோசனைதான். ஆனால் அவர் துணைவியார் சகோதரி ஜலஜா என்ன சொன்னார் தெரியுமா? "இவருக்காக அந்தப் படத்தை எடுத்தீங்கன்னா, கனவுல வந்து என்னையத்தான் திட்டுவாரு. எதிர்ச் செவுத்துல மாட்டுங்க. பாத்துக்கிட்டே இருக்கட்டும்."

ஆகவே தோழர்களே, மார்கழிதோறும் இந்தப் படத்தின் முன் கூடுவோம், கோடு கோடாகப் பார்த்து வாதாடுவோம் என்று உறுதி ஏற்போம்! காலியான நடுவர் நாற்காலிக்குத் திரு. பாலசுப்ரமணியன் அவர்களையே முன்மொழிகிறேன். அதோ, வழிமொழியப் பாகீரதி அம்மாளே எழுந்துவிட்டார்!

தலைவர் அவர்களே, இனி நீங்கள்தான் நீதிபதி. வழக்கு நிலுவையில் இருக்கும்போது சான்றுப் பொருளை நீதிபதியே சுவரிலிருந்து கழற்றலாமா?