சாம்பல் பூசாத கை

ரேஷன் கடையில் இருக்கிற மிஷின் என் விரலை எடுக்காது, மேடம். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாயிற்று. சேலையில் துடைத்துவிட்டு வை என்பார்கள், எச்சில் தொட்டு வை என்பார்கள். அது பாட்டுக்குச் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டிருக்கும். அண்டியாபீஸில் முந்திரிக்கொட்டை உடைத்த பெண்களில் பாதிப் பேருக்கு இதே கதைதான். கொட்டையின் ஓட்டுக்குள் ஒரு கறுத்த எண்ணெய் உண்டு. அது விரலில் இருக்கிற வரியையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். அதனால் எங்கள் வீட்டு அரிசிக்கு விரல் வைத்து வந்தது என் மகள் சுஜி.

நீங்கள் கேட்டதற்கு நான் வேறு எதையோ சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அங்கேதான் வருகிறேன். முதலில் அந்தக் கட்டன் சாயாவைக் குடியுங்கள், ஆறிப்போகும். சுஜியின் பாஸ்போர்ட் விசாரணைக்கு முன்பு ஒருமுறை போலீஸ் வந்தது. அதற்கப்புறம் இந்த வீட்டுக்கு வந்த போலீஸ் நீங்கள்தான். மனு கொடுத்தது யார் என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள். பக்கத்து வீட்டு ராஜபாயாகத்தான் இருக்கும். நானும் என் மகளும் ஒன்றாக வாசலில் இருந்தாலே அவளுக்குப் பொறுக்காது.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் ஷிபின் குவைத்துக்குப் போகும்போது, “ரெண்டே வருசம் எம்மா, பெய்ட்டு ஓடி வந்திருவேன்” என்றான். வராவிட்டால் என்ன, பாஸ்போர்ட் முடிகிறபோது வந்துதானே ஆக வேண்டும் என்று நான் மனசைத் தேற்றிக்கொண்டேன். அவன் அதை அங்கேயே எம்பசியில் புதுப்பித்துக்கொண்டான். அவனுடைய அப்பா இறந்த அன்று போனில்தான் முகம் பார்த்தான். பெட்டியை மூடும்போது ராஜபாய் போனைத் தூக்கிப் பிடித்தாள். அவள் பிடித்த பிடியில் அவனுக்குக் கூரைதான் தெரிந்ததாம். நான் அன்றைக்கு அழவில்லை. இனி ஒன்று இப்படிப் போகக் கூடாது என்று மட்டும் நினைத்தேன்.

சுஜி நர்ஸ். மார்த்தாண்டத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. படிப்பு முடிந்த கையோடு பாஸ்போர்ட் எடுத்தாள். அந்தச் சமயம் அவள் அப்பா படுக்கையில் விழுந்தார். அவரைப் பார்க்க ஆள் வேண்டும் என்று போகாமல் நின்றாள். அலமாரியில் வேதப்புத்தகத்துக்கு அடியில் அந்த பாஸ்போர்ட் கிடந்தது. நடுவில் கல்யாண ஆலோசனைகளும் வந்தன, ஒன்றும் சரிப்படவில்லை. எனக்குச் சரிப்படவில்லை என்று வையுங்களேன். பத்து வருஷத்தில் பாஸ்போர்ட் தானாகக் காலாவதியாகிவிடும் என்று அவளே ஒருமுறை சொல்லியிருந்தாள். நான் பொறுமையாக இருந்தேன். யாருக்கும் ஒரு கெடுதலும் நினைக்கவில்லை.

அது முடிகிற வருஷத்தில்தான் அவள் வந்து சொன்னாள். “எம்மா, அயர்லாந்துல வேலை கெடச்சிருக்கு. பாஸ்போர்ட்ட புதுக்குனா விசா அடிச்சிருவாங்க. ஒரு வருசம் களியட்டு, உங்களையும் கூட்டிட்டுப் போறேன், கேட்டீங்களா?”

ரேஷன் அரிசிக்கே ஆகாத விரலுக்கு யார் பாஸ்போர்ட் கொடுப்பார்கள் என்று நான் கேட்டேன். அவள் சிரித்தாள். பாஸ்போர்ட் ஆபீஸில் பத்து விரலையும் பதிவார்களா என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆமாம் என்றாள்.

வெளிநாட்டுக்குப் போகிற பிள்ளையை இந்தப் பக்கத்தில் யாரும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. ஏத்தங்காய் சிப்ஸ், மீன் ஊறுகாய், வீட்டில் சுட்டு உடைத்த அண்டிப்பருப்பு எல்லாம் கட்டிக் கொடுப்போம். இப்போதே உடைத்து வைத்துவிடலாம் என்று சொல்லி, பச்சைக் கொட்டை வாங்கி வந்து அரைகுறையாகச் சுட்டேன். உடைப்பதற்கு முன்னால், எண்ணெய் தோலில் ஒட்டாமல் இருக்கக் கையில் சாம்பல் பூச வேண்டும், மேடம். அண்டியாபீஸில் முதல் நாளே அதைத்தான் சொல்லித் தருவார்கள். நான் அடுப்புச் சாம்பலை அள்ளி வாழை மூட்டில் தட்டிவிட்டு வந்து சுஜியோடு உடைக்க உட்கார்ந்தேன். என் கை மரத்துப்போன கை, அதற்குச் சாம்பல் வேண்டாம்.

“கைக்கு ஒண்ணும் ஆவாதே எம்மா?” என்று கேட்டாள்.

“சுட்டதுதானே மக்கா, ஒண்ணும் செய்யாது” என்றேன்.

மறுநாள் நாகர்கோவில் பாஸ்போர்ட் ஆபீஸில் அப்பாயிண்ட்மெண்ட். காலையில் அவள் விரல்நுனியெல்லாம் கொப்புளம். கவுண்டரில் இருந்த பெண் தன்மையான பெண். புண் ஆறின பிறகு வாங்க, வேறு தேதி தருகிறேன் என்றாள். பக்கத்துக் கவுண்டரில் என்னைப்போலவே ஒரு அண்டியாபீஸ்காரி. தேய்ந்த விரல் அவளுக்கும் சரியாகப் பதியவில்லை. அதை எழுதிக்கொண்டு, பரவாயில்லை அம்மா என்று அனுப்பிவைத்தார்கள். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். எனக்கும் பாஸ்போர்ட் கிடைக்கும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. அதை நான் சுஜியிடம் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் அழுதாள். மடியில் சாய்த்துக்கொண்டேன். சின்னப் பிள்ளையில் படுத்தது. அதற்கப்புறம் அன்றைக்குத்தான் என் மடியில் படுத்தாள். அந்தப் பயணம் எனக்கு நன்றாக இருந்தது.

அடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த எண்ணெய் சில உடம்புக்கு ஆகாது. ஒருமுறை பட்டுக் கொப்புளித்தவர்களுக்கு மறுமுறை படவே கூடாது. அண்டியாபீஸில் எங்கள் வரிசையில் அஞ்சலி என்று ஒரு பிள்ளை இருந்தாள். முதலில் கொப்புளம் வந்தது. ஆறிவிட்டது என்று திரும்பவும் வந்து உட்கார்ந்தாள். முழங்கை வரைக்கும் வீங்கித் தோல் உரிந்து வந்தது. அவளுக்குச் சோறு வாரிக் கொடுத்தது நான்தான். அதனால் தெரியாமல் செய்தேன் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

சுஜியின் விரல்கள் ஆறிப் புதுத்தோல் வந்தது. அப்பாயிண்ட்மெண்ட் தேதியும் வந்தது. தோல் வறளாமல் இருக்கத் தினமும் நான் தேங்காயெண்ணெய் தடவிவிடுவேன். என்னிடம் கையை நீட்டிவிட்டு அவள் கண்ணை மூடிக்கொள்வாள், பார்க்கவே மாட்டாள். ஒருநாள் அந்தச் சிரட்டையில் தேங்காயெண்ணெயோடு மற்ற எண்ணெயும் இருந்தது. கொட்டை ஓடுகளை நான் எறியாமல் வைத்திருந்தேன். என் கையை அது ஒன்றும் செய்யாது. ஒவ்வொரு விரலாக, நக இடுக்கு விடாமல் பைய நீவிவிட்டேன்.

“எம்மா, எரியுது.”

“புதுத்தோலு மக்கா, எரியத்தான் செய்யும்.”

விரல் போகும் என்று நான் நினைக்கவில்லை. ரேகை போனால் போதும் என்றுதான் நினைத்தேன். புண் பழுத்துக் காய்ச்சல் வந்தது. வலது கையில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருக்கிற விரல்கள் எந்தக் கையிலும் சரியாக மடங்குவதில்லை. ஊசி பிடிக்கிற வேலைக்கு இனி ஆகாது என்று டாக்டர் சொன்னார். அயர்லாந்து வேலையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவள் பெயரைச் சொல்லிப் போதகர் ஜெபித்தார். எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னது நான். மனதறிந்துதான் சொன்னேன்.

இப்போது வீட்டில் இரண்டு பேர் விரலும் ரேஷன் கடைக்கு ஆகாது. கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? போனுக்கு ஒரு நம்பர் வருமாம், அதைச் சொன்னால் அரிசி கொடுத்துவிடுவாராம். முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

நீ பெற்ற தாய்தானா என்று நீங்கள் மனதுக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அவள் உள்ளேதான் படுத்திருக்கிறாள், போய்ப் பாருங்கள். குளிப்பாட்டித் தலை சீவிவிடுகிறேன். மூன்று வேளையும் சோறு பிசைந்து என் கையால்தான் கொடுக்கிறேன். இந்தக் காலத்தில் எந்தத் தாய்க்கு இந்தப் பாக்கியம் கிடைக்கிறது? முன்பெல்லாம் டியூட்டிக்கு ஓடுகிற அவசரத்தில் என் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டாள். இப்போது அப்படி இல்லை. முதல் உருண்டையை அவள் வாங்குவதே இல்லை. “நீங்க தின்னுங்க எம்மா” என்று உதட்டை இறுக்கிக்கொள்வாள். நான் தின்று விழுங்குகிறவரைக்கும் கண்ணெடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகும் கொஞ்ச நேரம் பார்ப்பாள். அதற்கப்புறம்தான் வாயைத் திறப்பாள். அம்மா சாப்பிடாமல் அவளுக்குச் சோறு இறங்காது, மேடம். அவ்வளவு பாசம்.