தார்க்கூரைத் தண்ணீர்

மழைத்தண்ணீர் மீன்களுக்கு நல்லது. எங்கள் பெலெங் நகரில் மீன்தொட்டி வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் நாற்றம். மதிய மழையோ தவறாமல் வந்துவிடும்.

என் கணவர் வால்டெமிர் படகு எஞ்சின் மெக்கானிக். பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்தபின், கட்டிலை மீன்தொட்டியருகே போடச் சொன்னார். தட்டுபோல வட்டமான ஐந்து டிஸ்கஸ் மீன்கள். தண்ணீர் மாற்றுவது என் வேலையானது. கூரையை மழை நன்றாகக் கழுவியபிறகே வாளி வைக்க வேண்டும் என்று பழக்கினார். கூரைத் தகரத்தின் ஓட்டையை நான் தார் பூசி அடைத்தபோது, அந்தப் பக்கத்துத் தண்ணீரைத் தொடவே கூடாது என்றார். தலையாட்டினேன்.

குளிப்பாட்டினேன், துடைத்தேன், ஊட்டினேன். அவர் ஒருநாளும் என்னைக் கடிந்து பேசியதில்லை. அதையும் சொல்ல வேண்டும். ஒரு மாலை கோணிய வாயால் சிரித்தார்.

"இதுங்க நீந்துற வரைக்கும் நான் எங்கயும் போகமாட்டேன், ஜூரெமா."

ஆறுதலாகத்தான் சொன்னார். டிஸ்கஸ் பத்து வருடம் வாழும்.

மறுநாள் மழையில், தார் பூசிய பக்கத்துக்கு நேர்கீழே வாளியை வைத்தேன். தண்ணீர்மேல் பளபளவென்று மெல்லிய எண்ணெய்ப் படலம். கையால் ஒதுக்கிவிட்டு ஊற்றினேன். பொழுது சாய்வதற்குள் நான்கு மீன்கள் செத்து மிதந்தன.

"தண்ணியில ஏதோ கோளாறு. ஒம்மேல தப்பில்ல," என்றார்.

ஒன்று பிழைத்தது. மூலையில் சாய்ந்து கிடந்து, மெல்ல நிமிர்ந்து நீந்தத் தொடங்கியது. அதைப் பார்த்தபடியே அசாயிப் பழக் கூழும் மரவள்ளி மாவும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு, வாளியை மறுபடி அதே இடத்தில் வைத்தேன்.

இம்முறை தொட்டியில் ஊற்றியபோது தார் வாடை அவருக்கும் எட்டியிருக்கும். வாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இருட்டுமுன் கடைசி மீனும் செத்து மிதந்தது.

அதன்பின் கரண்டியைக் கண்டாலே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் வற்புறுத்தவில்லை. நோயாளியின் விருப்பத்தை மதிப்பது என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். மழைக்காலம் முடியுமுன் போய்விட்டார்.

அடக்கத்தன்று அவர் தங்கை இராசி என் கைகளை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"இந்தக் கை இல்லேன்னா எங்கண்ணன் என்னைக்கோ போயிருப்பான், அண்ணி."

கூட்டம் முழுவதும் என்னைப் பார்த்தது. காது மடல்கள் எரிந்தன. கையை இழுத்துக்கொள்ளத் தோன்றியது, இழுக்கவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். துக்கத்தில் இருப்பவளை நோகடிக்க வேண்டாம் என்றுதான் சொல்லவில்லை.