நீலப் பூட்டு

மத்தியானம் மூன்று மணி. பேய்க் கதைக்குப் பொருந்தாத நேரம்தான்... என்ன செய்வது, நம் அறைத்தோழனின் சித்தப்பாவுக்கு நடந்தது அப்போதுதான். ஆளில்லாத மண் சாலை. இரண்டு பக்கமும் காற்றாலைகள். ஆளையே தூக்கிக்கொண்டு போகிற காற்று. மெழுகுவத்தியை இந்தப் பக்கம் நகர்த்துங்கள், அணைந்துவிடும்.

சித்தப்பா காற்றாலை மெக்கானிக். கூட வேலை பார்த்தவன் அவர் மச்சினன், சித்திக்கு ஒரே தம்பி. அந்த வேலையில் ஒரு விதி உண்டு. ஏறுகிற ஒவ்வொருவனும் கீழே இருக்கும் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டு தொங்கினால் மேலே ஆள் இருக்கிறான். அவனே வந்து திறக்கும்வரை இறக்கை சுற்றாது. மச்சினன் பூட்டுக்குச் சித்தி தன் நீல நகப்பூச்சை அடித்துக் கொடுத்திருந்தாள், தொலைக்காமல் இருக்கட்டும் என்று.

அன்று சித்தப்பா முதலில் இறங்கினார்.

"நீங்க போங்க மாமா. ரெண்டு போல்ட்டுதான், பின்னாடியே வர்றேன்."

அடுத்த காற்றாலையைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் மச்சினன் பைக்கைக் காணோம். நீலப் பூட்டு மட்டும் தொங்கியது. பூட்டை மறந்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புவது அவனுக்கு வாடிக்கை. போன் போட்டார். எடுக்கவில்லை. வண்டி ஓட்டுகிறவன் எப்படி எடுப்பான்? அண்ணாந்து கத்தினார். காற்று குரலைத் தின்றது. ஏறிப் பார்க்கலாம்... முழங்கால் வலி.

அதற்குள் மேனேஜர் போனில் வந்தார். "காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது, நீ பூட்டப் பாத்துக்கிட்டு நிக்கிறியா? அறுய்யா!" அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பேனர் உண்டு. நாடு முழுக்க விளக்கெரிக்கும் காற்று நம்மிடம் இருக்கிறது, என்று. இருந்தது. அதில் பொய்யில்லை.

அறுத்தார். சுவிட்சைப் போட்டார். இறக்கைகள் அசைந்தன... சுற்றின. ஒரு சுற்றுக்கு ஒரு சத்தம். டங். ... டங்.

"ஸ்பானரை உள்ளயே விட்டுட்டுப் போயிருக்கு கழுத" என்று திட்டிக்கொண்டே டீ குடிக்கப் போனார்.

டீக்கடை வாசலில் மச்சினன் பைக் நின்றது. காற்றாலை வாட்ச்மேன் அதை இரவல் வாங்கி வந்திருந்தான்.

"அவன் பூட்டே போடாம ஏறிட்டான்." எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னார் சித்தப்பா. சித்தியிடமும். ஆபீசுக்கும் அதுவே வசதியாக இருந்தது. அறுத்த பூட்டு சாக்கடைக்குப் போனது.

அடுத்த காற்றுப் பருவம். அதே சாலை. சித்தப்பா வேலை முடித்து இறங்கித் தன் பூட்டைத் திறந்தார். பக்கத்தில் இன்னொன்று. நீலம். சொட்டச் சொட்ட ஈரம். வளையத்தில் ரம்பத்தின் தடம். ஆளில்லாத உச்சியிலிருந்து... டங்.

மேனேஜரே நேரில் வந்தார். சித்தப்பா ரம்பத்தை நீட்டினார். "நீங்களே அறுங்க சார்." அண்ணாந்து பார்த்த மேனேஜருக்கு அவசரமாக ஒரு மீட்டிங் வந்துவிட்டது.

மறுநாள் அடுத்த காற்றாலையில் நீலப் பூட்டு. அதற்கு மறுநாள் அதற்கடுத்ததில். சாலை நெடுக ஒவ்வொன்றாக நின்றன. காற்று மட்டும் நிற்கவில்லை. ஊரெல்லாம் மின்வெட்டு. பராமரிப்புப் பணி என்று அறிவித்தார்கள். இந்த மெழுகுவத்திகூட அந்தப் பணியின் ஒரு பகுதிதான்.

ஒரு சாயங்காலம் சித்தப்பா வீட்டில் மட்டும் கரண்ட் போனது. எதிர்வீட்டில் எரிகிறது.

"மெயின் சுவிட்சக் கொஞ்சம் பாருங்களேன்" என்றாள் சித்தி.

டார்ச்சோடு போனார். கிரீஸ் வாடை. கை நீட்டியவர், நீட்டியபடியே நின்றார்.

"என்னங்க, ஃபியூஸ் போயிடுச்சா?"

"இல்ல... பூட்டியிருக்கு."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அவர் பூட்டின் நிறத்தைச் சொல்லவில்லை. ரம்பத்தைப் பற்றி அவளிடம் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. இருட்டிலிருந்து சித்தியின் குரல் மட்டும் வந்தது, கெஞ்சுகிற மாதிரி.

"அப்ப தம்பி மேலதான் இருக்கான். இந்தத் தடவையாவது அறுத்துடாதீங்க."

அறுக்கவில்லை. அந்த வீட்டில் இன்றுவரை கரண்ட் கிடையாது. கூடத்து மின்விசிறி மட்டும் சுற்றுகிறது. மெதுவாக... ஒரு சுற்றுக்கு ஒரு டங்.