பிடுங்கிப் பாத்த முள்ளங்கி

சத்தியமா சொல்றேன் தம்பி, இதுல ஒரு வார்த்தை பொய்யா இருந்தா என் வாயில மிச்சமிருக்கிற பல்லும் இங்கயே கொட்டிப் போகட்டும். உங்க பொண்ணு வர இன்னும் நேரம் இருக்கு, அந்த பெஞ்சுல உக்காருங்க. கேட்டைப் பாத்துக்கணும்னு சொல்லித்தான் என்னை வேலைக்குச் சேத்தாங்க. இப்ப என்னடான்னா முள்ளங்கிக்குக் காவல். திருடங்ககிட்ட இருந்து இல்ல... நட்டவங்ககிட்ட இருந்து.

சமையல் டீச்சரைப் பாத்திருப்பீங்க. முழங்கை வரைக்கும் மண்ணோட யாராவது நடந்து வந்தா அது அவங்கதான். பிள்ளைங்க தட்டுல காயைக் கண்டா தேளைக் கண்ட மாதிரி ஒதுக்குதுங்க, தானே வளத்துத் தானே சமைச்சா திங்கும்னு ஹெட்மாஸ்டர்கிட்ட மல்லுக்கட்டி, பின்பக்கம் ஒரு துண்டு நிலம் வாங்கினாங்க. அவரு தன் காரை நிறுத்த ஷெட் போடணும்னு கண்ணு வெச்சிருந்த இடம் அது. "கல்வி அதிகாரி வந்து பாப்பாங்க. விளைஞ்சிருந்தா தோட்டம், இல்லேன்னா ஷெட்"னுட்டாரு. தோட்டம் போனா டீச்சரோட வகுப்பும் போச்சு.

கீரை போட்டிருக்கலாம். மேலயே தெரியும், யாரும் தோண்ட வேண்டாம். சொன்னேன், கேட்டாங்களா? முள்ளங்கிதான் சீக்கிரம் வரும்னாங்க. பிள்ளைங்க காலையில வந்ததும் ஆளுக்கொரு செடியப் பிடுங்கும். "இன்னும் வால் மாதிரியே இருக்கு"ன்னு உதட்டைப் பிதுக்கும். திரும்ப நட்டு, தட்டிக் குடுத்து, தண்ணி ஊத்திட்டு வகுப்புக்குப் போகும். இடைவேளையில மறுபடியும். ஒரு வாண்டு வீட்டுக்கே கொண்டு போய் அம்மாகிட்ட காமிச்சிட்டு மறுநாள் வந்து நட்டுச்சு. பஸ்ஸுல போய்ட்டு வந்த முள்ளங்கி அது... அதோட மதிப்பே தனி. கடைசியில செடிங்களுக்கே பழகிப் போச்சு தம்பி. பிள்ளைங்க சத்தம் கேட்டா தானா கொஞ்சம் மேல எழும்பி நிக்கும். சிரிக்காதீங்க, இந்தக் கண்ணால பாத்தேன்.

எதுல விட்டேன்? ஆங், அதிகாரி. அவங்க வர்ற அன்னைக்கு டீச்சர் தோண்டிப் பாத்தா, நூல் மாதிரி வேர். முகம் செத்துப் போச்சு. மார்க்கெட்டுக்கு ஓடி முள்ளங்கிக் கட்டுங்களா வாங்கிட்டு வந்தாங்க. பிள்ளைங்க வர்றதுக்குள்ள நட்டாகணுமே, அந்த அவசரத்துல கட்டுகளக்கூடப் பிரிக்கல. ரப்பர் பேண்டோட நட்டுட்டாங்க.

அதிகாரி அம்மா குனிஞ்சு ஒண்ணைப் பிடிச்சு இழுத்தாங்க. ஒரு குடும்பமே வந்துச்சு, இடுப்புல ரப்பர் பேண்டோட. ஹெட்மாஸ்டர் முகத்துல அப்பவே காரை நிழல்ல நிறுத்தின நிம்மதி. ஒரு பொண்ணு, "டீச்சர், நேத்து இது வாலாத்தானே இருந்துச்சு"ங்குது. டீச்சர் மழுப்பல. கடையில வாங்கினதுன்னு சொல்லிட்டாங்க.

அந்த அம்மா ரப்பர் பேண்டைக் கழட்டித் தன் கையில மாட்டிக்கிட்டாங்க. அப்புறம், "சரி, சமைக்கவாவது தெரியுமா?"ன்னாங்க. பிள்ளைங்க கழுவி, நறுக்கி, சூப் வெச்சுதுங்க. அதிகாரி அம்மா உப்பை எடுக்கப் போனா கையைத் தட்டிவிட்டு, அதிகம் ஏன் ஆகாதுன்னு அவங்களுக்கே பாடம் எடுத்துச்சுங்க. எல்லாம் கிண்ணத்தை வழிச்சுக் குடிச்சுதுங்க. அதைப் பாத்துட்டு அவங்க கொஞ்சம் இறங்கி வந்தாங்க. "அடுத்த மாசம் வர்றேன். ஒண்ணாவது நெசமா விளைஞ்சிருக்கணும். யாரும் பிடுங்கக் கூடாது. பொறுமையும் ஒரு பாடம்தான். விளையலேன்னா ஷெட் போட்டுக்கட்டும்"னுட்டுப் போனாங்க.

அன்னையில இருந்து என் நாற்காலி பாத்தி ஓரம். "தாத்தா, பாதி மட்டும் பிடுங்கிப் பாக்கறோம் தாத்தா"ன்னு வந்து கொஞ்சும் பாருங்க... நான் மசியல. வேலைக்கு வந்த நாள்ல இருந்து நான் இப்படி வேலை பாத்ததே இல்ல.

நேத்து மத்தியானம் தண்ணி குடிச்சிட்டு வர்றேன், யாரோ எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு பாத்தியில குந்தியிருக்காங்க. "யாரது, எடு கைய"ன்னு ஒரு அதட்டு அதட்டினேன். திரும்பினா அந்த அதிகாரி அம்மா. சொன்ன நாளுக்கு முன்னாடியே வந்திருக்காங்க. கையில முள்ளங்கி, கட்டைவிரல் தண்டிக்கு நெசமாவே திரண்டிருக்கு. முகத்துல அப்படியொரு சந்தோஷம், என்னைப் பாத்ததும் அது எங்க ஒளியறதுன்னு தெரியாம முழிக்குது.

"சும்மா... வளருதான்னு..."ன்னு இழுத்தாங்க.

"உள்ள வைங்க"ன்னேன்.

வெச்சாங்க. மண்ணைத் தள்ளி, தட்டிக் குடுத்து, தண்ணி ஊத்தினாங்க. கையைக் கழுவிட்டு நேரா ஹெட்மாஸ்டர் ரூமுக்குப் போய், தோட்டம் இருக்கட்டும், பிடுங்கிப் பாக்கறது பிள்ளைங்க சுபாவம்தானேன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டாங்க. டீச்சர் சந்தோஷத்துல அழறாங்க. எதனால தப்பிச்சோம்னு அவங்களுக்கே தெரியாது. போறப்ப கேட் பக்கத்துல நின்னு அந்த அம்மா மெதுவாச் சொன்னாங்க, "ஐயா, இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்"னு.

இருக்கு தம்பி. நான் யார்கிட்டயும் மூச்சு விடல. நீங்களும் விடாதீங்க, ஹெட்மாஸ்டர் காதுல விழுந்தா நாளைக்கே செங்கல் இறக்கிடுவாரு. அப்படியே வாய் தவறிடுச்சுன்னாலும், சொன்னது யாருன்னு மட்டும் கேட்டா... பெஞ்சுல உங்க பக்கத்துல யாருமே இல்லேன்னு சொல்லிடுங்க.