அம்மாவுக்கு ஹாஸ்டலில் இடம்

“ஹாஸ்டல்ல சேட்டை பண்ணக்கூடாது, ஓகேயாம்மா?”

சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் ரயில் ஏறியதும் என் காதில் விழுந்த முதல் பேச்சு இது. சொன்னவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். அதைக் கேட்டுச் சிரித்தவர் அவளுடைய அம்மா. புதுப் பெட்டி ஒன்றை முழங்கால்களுக்கு இடையில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

“மாஸ்டர்ஸ், பிஎச்டி பண்றவங்களுக்குன்னே புதுசா கட்டின, தங்கிப் படிக்கிற காலேஜ்டி. ஆளுக்கொரு ரூம். மாடிக்கு மாடி பெரிய கிச்சன். லைப்ரரிய மூடவே மாட்டாங்களாம்!”

“எத்தனை தடவை லா சொல்வீங்க?”

“மொட்டை மாடியில தோட்டம் இருக்குன்னு சொன்னேனா?”

“சொல்லிட்டீங்க. பியானோ ரூமும் சொல்லிட்டீங்க.”

அம்மாவின் குரல் சற்று இறங்கியது. “நீ பொறந்தப்ப பாதியில விட்ட படிப்பு. இப்ப என்னோட படிக்கிறவங்க எல்லாம் உன் வயசு. என்கூட உக்காந்து சாப்பிடுவாங்களா?”

“குரூப் சாட்ல நேத்து எத்தனை மெசேஜ் போட்டீங்க? அவங்கதான் உங்களப் பாத்து பயப்படணும்.”

கிளமெண்டி நிலையம் வந்தது. மகள் பெட்டியைத் தூக்கப் போனாள். அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டார்.

“நீ இறங்காத. முதல் நாளே யாராவது மகளைக் கூட்டிக்கிட்டு காலேஜுக்குப் போவாங்களா?”

கதவு மூடியது. பெட்டியை உருட்டிக்கொண்டு அவர் எஸ்கலேட்டரை நோக்கி ஏறக்குறைய ஓடினார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கைப்பேசியை எடுத்தாள்.

“அப்பா, அம்மா என்னை விட்டுட்டு ஓடிட்டாங்க!”