தொடர்ச்சியாகத் தொண்ணூறு நாள்

சட்டத்துக்காக ஓர் உயிரையே கொடுக்கலாம் என்பது என் கொள்கை. மெத்தைக் கடைக்காரனுக்குக் கொள்கை எதற்கு என்று கேட்பார்கள். பகலில் மெத்தை வாங்க ஆள் வருவது குறைவு. படிக்க நேரம் இருந்தது, அவ்வளவுதான்.

உட்காரச் சொன்னீர்கள், ஐயா. நின்றுகொண்டே சொல்கிறேன். மூன்று மாதமாக எனக்கு ஓரிடத்தில் கால் தரிப்பதில்லை.

உள்ளாட்சிச் சட்டம் தெளிவாக இருக்கிறது. கவுன்சிலர் தன் வார்டில் குடியிருக்க வேண்டும். தொடர்ச்சியாகத் தொண்ணூறு நாள் வெளியே வசித்தால் பதவி தானாகப் போய்விடும். எங்கள் கவுன்சிலர் என் தங்கையின் கணவர். தேர்தலில் என்னை நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்கடித்தவரும் அவரே. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அவர் குடியிருந்தது நகரத்தின் மறுகோடியில், என் தங்கையோடு, சொந்த மாடி வீட்டில். வார்டில் அவருக்கு இருந்ததெல்லாம் தையற்கடைக்கு மேலே ஒரு வாடகை அறை. ஒரு கட்டில், ஆணியில் ஒரு சட்டை. எண்பது நாள் தாண்டியதும் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். ஒருநாள் படுத்து எழுந்து போவார். எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். பதினோரு மனு போட்டேன். ஒவ்வொரு தடவையும் தேர்தல் பிரிவு குமாஸ்தா ஒரே பாட்டைத்தான் பாடினார்: "ஆளு வந்து படுத்துட்டாரு சார். இனிமே முதல்லேருந்து எண்ணுங்க." தெருவில் எனக்குப் 'பெட்டிஷன்' என்று பெயர் வைத்தார்கள்.

யோசித்துப் பார்த்தேன். சட்டத்தில் குறையில்லை. அவர் திரும்பி வருவதில்தான் குறை.

என் கடை வார்டுக்குள் இருக்கிறது. கிடங்கு, பின்னால் ஓடும் கால்வாய்க்கு அந்தப் பக்கம். கால்வாய்தான் எல்லை என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். அவர் கடைசியாக வந்து படுத்துப் போன மறுநாள், உங்கள் அறைக்கு ஒரு மெத்தை அன்பளிப்பாகத் தருகிறேன், நேரில் கிடங்குக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியனுப்பினேன். இலவசம் என்றால் மனிதர் எமன் வீட்டுக்கும் நேரத்துக்குப் போவார். வந்தார். போனை மேசைமேல் வைத்துவிட்டு ஒவ்வொரு மெத்தையாகப் படுத்துப் பார்த்தார். நான் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்து ஷட்டரை இறக்கினேன்.

"மச்சான், விளையாடாதீங்க. நாலு மணிக்கு மீட்டிங் இருக்கு."

"நீங்க போனாத்தான் அங்க அதிசயமாப் பாப்பாங்க, மாப்பிள்ளை" என்றேன்.

சுற்றிலும் கூரைவரை பஞ்சு மெத்தை. கத்துகிறவரைத் தவிர யாருக்கும் கேட்காது. உள்ளேயே குழாயும் கக்கூஸும் உண்டு. ஷட்டரில் இருக்கும் சின்னத் திறப்பு வழியாக மூன்று வேளையும் சாப்பாடு கொடுத்தேன். அன்றைய செய்தித்தாளைக் கையில் பிடிக்கச் சொல்லித் தினமும் ஒரு படம் எடுத்தேன். ஆதாரம் இல்லாத மனு உப்பில்லாத குழம்பு.

அவரை யாரும் தேடவில்லை. இதுதான் எனக்கே ஆச்சரியம். வார்டுக்காரர்கள் அவர் வீட்டில் இருப்பதாக நினைத்தார்கள். வீட்டில் இருந்தவள் வார்டில் இருப்பதாக நினைத்தாள். மன்றத்தில் வழக்கம்போல 'வரவில்லை' என்று குறித்தார்கள். போன் எடுக்காத கவுன்சிலர் என்று அவர் ஏற்கெனவே பெயர் வாங்கியிருந்ததால் அணைத்து வைத்த போனும் யாருக்கும் உறுத்தவில்லை. கீழே இருந்த தையற்காரர் அந்த அறையில் துணி மூட்டைகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

நாற்பதாம் நாள் என் தங்கை கடைக்கு வந்தாள்.

"அவரு வார்டுலதான இருக்காரு, அண்ணே?"

"வேலை அப்படி, பாப்பா. கூடவே இருந்தாத்தான் ஜனங்க மதிப்பாங்க."

"இருக்கட்டும். வீட்டுக்கு வந்தாலும் டிவியோடதான் குடித்தனம். சர்க்கரை மாத்திரையை விட்டுட்டுப் போயிட்டாரு, இதைக் குடுத்துடு."

வாங்கி இழுப்பறையில் வைத்தேன். மாத்திரை கொடுக்க நான் டாக்டருக்குப் படித்தவனில்லை. அதற்குப் பதிலாக டீயில் சர்க்கரையை நிறுத்தினேன்.

அவரும் கேட்கத்தான் செய்தார். முதலில் மாத்திரை, பிறகு குழாய்வரை நடக்க முடியாமல் தண்ணீர், பிறகு எதுவும் கேட்கவில்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பாலத்தைக் கடந்து போய் ஷட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன். கடையில் ஆள் நிற்கும்போதே விரலை மடக்கி நாளை எண்ணுவேன். அறுபத்திரண்டாம் நாளிலிருந்து செய்தித்தாளை நான்தான் உள்ளே போய் அவர் மார்பின்மேல் வைக்க வேண்டியிருந்தது.

அன்றே உங்களிடம் வந்திருக்கலாமே என்கிறீர்கள். உறுப்பினர் இறந்தாலும் பதவி காலிதான், ஐயா. ஆனால் அது வேறு பிரிவு. அதில் போனால் மாலை, மௌன அஞ்சலி, ஒரு தெருவுக்கு அவர் பெயர் என்று ஆகிவிடும். அனுதாப ஓட்டில் என் தங்கை ஜெயித்துவிடுவாள். தகுதியிழந்தார் என்ற சொல் எந்தக் காகிதத்திலும் வராது. மீதி இருபத்தொன்பது நாள்தானே என்று பினாயில் வாங்கிவந்தேன். தங்கை மறுபடி வந்தபோது அவள் குரலில் கோபம்தான் இருந்தது; வேறு பெண் யாரோ என்று முடிவு கட்டியிருந்தாள். "இனி என் வாசப்படி மிதிக்க வேணாம்னு சொல்லிடு" என்றாள். சரி என்றேன்.

தொண்ணூற்றொன்றாம் நாள், அதாவது இன்று, காலை பத்து மணிக்குப் பன்னிரண்டாவது மனுவைக் கொடுத்தேன். 'மேற்படி உறுப்பினர் வார்டு எல்லைக்கு வெளியே, என் கிடங்கில், தொடர்ச்சியாகத் தொண்ணூறு நாள் வசித்தார். இணைப்பு: புகைப்படம் தொண்ணூறு.' கீழே என் பெயர், கையெழுத்து, கடை முத்திரை. மொட்டை மனு எழுதுகிற வழக்கம் எனக்கில்லை.

என் சட்டைப்பையில் இருந்த இடைத்தேர்தல் வேட்புமனுவைப் பற்றிக் கேட்டீர்கள். அதை முன்கூட்டியே நிரப்பி வைத்தது, கடைசி நேரத்தில் அடித்தல் திருத்தல் வரக்கூடாது என்பதற்காக மட்டும்தான்.

குமாஸ்தா படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். அறுபத்திரண்டில் அவர் கை நின்றது. தேர்தல் அதிகாரி உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். நீங்கள் வரும்வரை அவருடைய மேசைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். பதவி காலியா இல்லையா, அதை மட்டும் எழுதிக் கொடுங்கள் என்றேன். குமாஸ்தா, பழக்கதோஷம், வார்டு வரைபடத்தை விரித்து முகவரியைச் சரிபார்த்தார்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்தக் கால்வாயை நேராக்கி வெட்டினார்களாம். எல்லைக்கோட்டை யாரும் மாற்றவில்லை. அது பழைய வளைவிலேயே போகிறது. என் கிடங்கு வார்டுக்குள் இருக்கிறது.