பலகை பிடித்தவள்

அந்த ஸ்டூலில் உட்காராதீர்கள் ஹாலிஸ், அதில் இருக்கிற கிரீஸ் கால்சட்டையை விட்டுப் போகவே போகாது. இந்தப் பக்கம் நல்ல நாற்காலி கிடக்கிறது. ஆர்லன் இப்போதைக்கு வரமாட்டான். இந்த வேளையில் என் தம்பி ஆஸ்பத்திரியில் தன் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அவன் இல்லாதபோது பேசவேண்டும் என்றுதான் உங்களை வரச்சொன்னேன்.

பந்தயச் சங்கத்துக்காக எத்தனையோ டிரக்குகளுக்கு அடியில் படுத்துப் பார்த்தவர் நீங்கள். எங்கள் எஞ்சினில் மிஞ்சியதையும் பொறுக்கி வைத்துப் பார்த்துவிட்டீர்கள். டர்போவிலிருந்து எண்ணெய் இறங்குகிற குழாயில் கருகின துணி இருந்தது. வேலையில் மறந்து வைத்த துணி என்று எழுதப்போகிறீர்கள். டர்போவை ஏற்றினவன் ஆர்லன், ஆகவே அவன் பெயர்தான் வரும். அவனும் ஒப்புக்கொண்டுவிட்டான். விபத்து நடந்த அன்றிலிருந்து ஸ்பேனரைத் தொடவில்லை. இனிமேல் எவனுக்கும் எஞ்சின் கட்டித் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

அதை எழுதுவதற்கு முன் நான் சொல்வதைக் கேட்டுவிடுங்கள். உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், தெரியாதவர்களும் படிப்பார்கள் அல்லவா.

டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற விசிறி. கழற்றிப்போட்ட டர்போவில் தூசி போகாமல் இருக்க எண்ணெய்க் குழாயின் வாயில் துணி திணித்து வைப்போம். எல்லாப் பட்டறையிலும் செய்கிறதுதான். மாட்டும்போது அதை உருவ மறந்தவர்களும் எல்லாப் பட்டறையிலும் உண்டு. அதனால் ஆர்லன் ஒரு பழக்கம் வைத்திருந்தான். சிவப்புத் துணிதான் வைப்பான், அதில் ஒரு முழம் வெளியே தொங்க விடுவான். வால் என்போம் அதை. வால் தொங்கினால் கண்ணில் படாமல் போகாது. அவன் வைத்த துணிக்கு வால் இல்லாமல் நான் பார்த்ததே இல்லை.

இந்த டிரக்கை நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தியானாவில் டீசல் டிரக் ஓடுகிற தடம் எல்லாவற்றிலும் என் பெயர் தெரியும். கதவில் ஓட்டுகிறவர் பெயரை எழுதிவைப்பது எங்கள் வழக்கம். வெர்னா என்று மஞ்சள் எழுத்தில் இருந்தது. போன குளிர்காலத்தில் ஒரு நாள் ஆர்லன் சூடுகாற்றுத் துப்பாக்கியால் அதைக் காய்ச்சி உரித்துக்கொண்டிருந்தான். நான் உள்ளே வருவேன் என்று எதிர்பார்க்கவில்லை.

"முதுகு வலிக்குதுன்னு நீதானேக்கா சொன்ன" என்றான்.

"சொன்னேன்."

"இந்த சீசன் ரெனே ஓட்டட்டும். நீ எஞ்சினைப் பாத்துக்கோ. உன் காது இல்லாம எனக்கு எஞ்சின் புரியாது."

பேசின விதத்தில் தப்பே இல்லை. அவன் பெண்டாட்டி ரெனேவும் நல்லவள். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள், பதறத் தெரியாது. வசந்தத்தில் பழைய எஞ்சினோடு சோதனைக்குப் போனபோது முதல் ஓட்டத்திலேயே என் நேரத்தைத் தாண்டிவிட்டாள். எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர் கோர்டி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார், "வெர்னா, பஸ் ஓட்டற பொம்பள உன்னைத் தாண்டிட்டாளே. அதுவும் வழியில பிள்ளைங்கள எறக்கி விட்டுட்டுப் போயிருப்பா." நானும் சிரித்தேன். ரெனேதான் சிரிக்கவில்லை. "அவங்க சொல்லிக் குடுத்ததுதான் கோர்டி" என்றாள். அந்தச் சொல்தான் எனக்கு உள்ளே இறங்கி அங்கேயே இருந்துவிட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு புது எஞ்சின் கட்டினோம். பெரிய டர்போ, எஞ்சின் தலையை இறுக்குகிற கனத்த போல்ட்டுகள், காய்ச்சி அடித்த புதுப் பிஸ்டன்கள். மூன்று பேரும் சேர்ந்து கட்டினோம், நல்ல நாட்கள்தான். கடைசி வெள்ளிக்கிழமை ஆர்லன் டர்போவை ஏற்றிவிட்டு, சர்ச்சில் மீன் வறுவல் விருந்துக்கு ரெனேவைக் கூட்டிக்கொண்டு போனான். "அந்த எண்ணெய்க் குழாயை மட்டும் மாட்டிடுக்கா. துணி இருக்கு, எடுத்துரு" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

இதை அவன் மறந்துவிட்டான். இவ்வளவு நடந்த பிறகு எதுவும் நினைவிருக்காது. நானும் நினைவுபடுத்தவில்லை.

வால் தொங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கத்தரியை எடுத்து வாலை வெட்டினேன். மிச்சத்தை விரலால் உள்ளே தள்ளினேன். குழாயை மாட்டி முறுக்கினேன். வெட்டின துண்டில் கை துடைத்துக்கொண்டேன்.

என் கணக்கு சின்னதுதான். இறங்க வழியில்லாத எண்ணெய் காற்று போகிற பக்கம் கசியும். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டாம், காற்றோடு எண்ணெய் வந்தால் அதையே குடித்துக்கொண்டு ஓடும். சாவியைத் திருப்பி அணைத்தாலும் நிற்காது. மேலே மேலே ஏறிக் கடைசியில் தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும். எஞ்சின் போனால் அந்த சீசன் போகும். அடுத்த குளிர்காலம் வரும்போது யார் ஓட்டுவது என்று அவர்களே யோசித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். யாருக்கும் கீறல்கூட விழாது என்றுதான் நினைத்தேன். உங்களிடம் இப்படித்தான் சொல்வதாக இருந்தேன்.

புது எஞ்சினை முதல்முறை உயிர்ப்பிக்கும்போது காற்று உள்ளே போகிற முன்குழாயை மாட்டுவதில்லை, டர்போவின் வாய் திறந்தே இருக்கும். அதன் முன்னால் ஒருவர் கனமான பலகையோடு நிற்கவேண்டும். எஞ்சின் பிய்த்துக்கொண்டு போனால் பலகையை வாயில் அடைத்து மூச்சை நிறுத்திவிடலாம். ஓட்டுகிறவரைவிட நம்பிக்கையானவர்தான் பலகை பிடிக்கவேண்டும் என்பார்கள். எங்கள் பட்டறையில் அது எப்போதும் நான்தான்.

சனிக்கிழமை காலை கோர்டி ஒரு பெட்டி டோனட்டோடு வந்தார். முதல் சத்தம் கேட்க யாராவது வருவார்கள், அதுவும் வழக்கம்தான். எஞ்சின் மூடியெல்லாம் கழற்றி வைத்திருந்தோம். எஞ்சின் உடைந்து தெறித்தால் துண்டு மேலே வராமல் இருக்க ஓட்டுகிறவர் காலுக்குக் கீழே போடுகிற இரும்புத் தடுப்பு இன்னும் மாட்டவில்லை, சுவரில் சாய்த்து வைத்திருந்தது. பட்டறைக்குள் ஸ்டார்ட் செய்யும்போது வண்டிக்குள் யாரும் உட்காருவதில்லை என்பதால் ஆர்லன் வெளியிலிருந்தே பொத்தானை அழுத்துவான்.

நான் சொன்னேன், "அவ வண்டிடா. முதல் தடவை அவளே ஸ்டார்ட் பண்ணட்டும்."

"தடுப்பு போடலையேக்கா."

"ஸ்டார்ட் பண்ணத்தானே போறா. ஓட்டவா போறா?"

ரெனேவின் கண் கலங்கிவிட்டது. என்னைக் கட்டிக்கொண்டாள். "அண்ணி, நீங்க வருத்தமா இருக்கீங்கன்னு நான் ராத்திரியெல்லாம் யோசிச்சேன்" என்றாள். சும்மா ஸ்டார்ட் செய்வதற்கு பெல்ட் தேவையில்லைதான். ஆனாலும் அளவு பார்த்துவிடலாம் என்று நானே ஐந்து பட்டையையும் போட்டுவிட்டேன். தோளில் உரசாமல் காலரை இழுத்துவிட்டேன்.

பிறகு வந்து பலகையோடு நின்றேன்.

முதலில் நன்றாகத்தான் ஓடியது. ஆர்லன் சிரித்தான். அப்புறம் சத்தம் மாறியது. மற்றவர்களுக்கு முன்னால் எனக்குக் கேட்டது. கோர்டியின் கையிலிருந்து பெட்டி விழுந்தது. ரெனே சாவியைத் திருப்பி அணைத்தாள். எஞ்சின் இன்னும் ஏறியது. ஆர்லன் மறுபக்கத்தில் இருந்து, "பலகை, அக்கா, பலகை" என்று கத்திக்கொண்டே சுற்றி ஓடிவந்தான்.

எனக்கும் அந்த வாய்க்கும் நடுவில் ஒரு கை நீளம்தான். நான் ரெனேவைப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெல்ட்டை அவிழ்க்கக்கூட முயலவில்லை. அவள் முகத்தில் பயமே இல்லை ஹாலிஸ். என் கையில் பலகை இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாளே.

பலகை என் கையிலேயே இருக்க, எஞ்சினுக்குப் பின்னால் சுழல்கிற தகடு உடைந்து வண்டித் தரையைப் பிளந்துகொண்டு போனது. அவளுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். டிரக் கிடக்கட்டும், பேருந்தும் இனி ஓட்ட முடியாது.

அதிலிருந்து எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சர்ச்சுப் பெண்கள் கோழியும் நூடுல்ஸும் வேகவைத்துத் தட்டு தட்டாக எனக்குக் கொண்டுவருகிறார்கள். ரெனேவுக்கு அல்ல, எனக்கு. வாங்கி வைக்கிறேன், ஒரு வாய் இறங்குவதில்லை. ஆஸ்பத்திரியில் ரெனே என் கையைப் பிடித்துத் தடவிக் கொடுக்கிறாள். கால் போனவள் எனக்குத் தேறுதல் சொல்கிறாள். ஆர்லன் என் முன்னால் தலை நிமிர்வதில்லை, தன் மறதியால் அக்காவுக்கும் இந்தக் கதி வந்ததே என்று. அவன் குனிகிற ஒவ்வொரு தடவையும் நான் சுவரைப் பார்த்துக்கொள்கிறேன். அவனுக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டேன். துணி அவனுடையது, வாலை வெட்டினவள் நான். அவளை உட்காரவைத்ததும் நான். பட்டையைப் பூட்டியதும் நான். எஞ்சினை மட்டும்தான் நினைத்தேன் என்றால், அவளை ஏன் உட்காரச் சொன்னேன் என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. நீங்கள் அதைக் கேட்காமல் இருந்தால் நல்லது.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும். ஊரில் இப்போது, "பாவம் வெர்னா, வயசாச்சு, அந்த நேரத்துல கை விறைச்சுப்போச்சு" என்று பேசிக்கொள்கிறார்கள். தடத்துக்குத் தடம் அந்தப் பேச்சு போய்க்கொண்டிருக்கிறது. கேட்டுக்கொண்டு எத்தனை நாள் இருப்பேன் சொல்லுங்கள். ஹாலிஸ், என் கை விறைக்கவில்லை. அதை மட்டும் சரியாக எழுதுங்கள்.